ஸ்கானுக்கும் துடக்கு உண்டோ?

நாற்பத்தெட்டு வயது மனிதன் ஒருவன் ஒன்பது மாதக் குழந்தையைக் கண்டு தலைதெறிக்க ஓடியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். போன கிழமைக்கு முந்திய சனிக்கிழமை. காலை பத்து மணி. நல்ல வெயில். மறைக்க ஒன்றுமில்லை.

வான் வந்து கேற்றடியில் நின்றது. கனடாவில் இருந்து ஐந்து வருடங்களுக்குப் பிறகு வந்த என் தங்கை வதனி இறங்கினாள். இடுப்பில் ஆதிரை. மஞ்சள் சட்டை, தலையில் நாலு மயிர், வாயில் இரண்டு பல்லு. "இஞ்சை பார், மாமா" என்று வதனி என்னைக் காட்டினாள். அந்தப் பிள்ளை ஒரு கணம் என்னை ஆராய்ந்தது. பிறகு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என்னிடம் பாய்ந்தது.

நான் ஓடினேன்.

சும்மா இரண்டடி பின்வாங்கவில்லை ஐயா, ஓடினேன். கிணற்றடியைத் தாண்டி, வாழைகளுக்குப் பின்னால் போய்த்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் என் ஒற்றைச் செருப்பு முற்றத்தில் கிடக்கிறது. வான்காரர் சூட்கேஸைத் தூக்கியபடி அப்படியே நிற்கிறார். பின்வீட்டு இராசம்மா அக்கா மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் எப்போதும் அங்கேதான் நிற்பார், அது வேறு விஷயம்.

ஏன் ஓடினேன்? என் கணக்கில் அது பத்தாம் நாள். முப்பத்தொரு நாள் முடியும்வரை நான் பிள்ளைகளைத் தொடக் கூடாது. துடக்கு.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துடக்கு என்றால் தீட்டு. வீட்டில் பிள்ளை பிறந்தாலும் துடக்கு, ஆள் செத்தாலும் துடக்கு. முப்பத்தொரு நாள் கோயில் குளம் கிடையாது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகுதான் எல்லாம். சரி... எங்கள் வீட்டில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. பிறகென்ன துடக்கு?

ஸ்கான் துடக்கு.

சிரிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வதனிக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் பிள்ளையில்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. கடைசியில் ஆறு கிழமைக் குழந்தையாக ஆதிரையைத் தத்தெடுத்தாள். அன்றைக்கு அவள் ரெலிபோனில் அழுத அழுகையும் சிரித்த சிரிப்பும் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்களுக்குச் சந்தோஷம். ஊருக்கு? இராசம்மா அக்கா மதிலுக்கு மேலால் என் மனைவி சுகந்தியிடம் கேட்டார்: "ஆற்றை பிள்ளையாம்?"

"வதனியின்ரை பிள்ளை" என்றாள் சுகந்தி.

"அது சரி பிள்ளை... எண்டாலும் ஆற்றை?"

இது வதனிக்குத் தெரியாமலா இருக்கும்? அவளும் இந்த ஊர்ப் பெண்தானே. ஆனிமாதம் எடுத்துச் சொன்னாள். "அண்ணை, பிள்ளைக்குக் காது குத்த ஊருக்குக் கொண்டுவாறன். பதினெட்டு நாள்தான் லீவு. உங்கடை மடியிலை வைச்சுத்தான் குத்தோணும்."

அவள் கேட்டது என்னவென்று எனக்கு விளங்கியது. தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்திவிட்டால் அது எங்கள் பிள்ளை. அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்க ஏலாது. கனடாவில் கோர்ட் கொடுத்த கடதாசியை விட எங்கள் ஒழுங்கையில் அந்த மடிக்கு மதிப்பு அதிகம்.

"இதெல்லாம் கேக்கவேணுமே பிள்ளை? மடி ரெடி" என்றேன்.

மடி ரெடிதான். மடிக்குச் சற்று மேலே, வலது பக்கத்தில், ஒரு கல்லும் ரெடியாக இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் ஒருநாள் ஒன்பதாம் வகுப்புக்குச் சுண்ணாம்புப் பாறைகளைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது அந்த வலி வந்தது. புவியியல் வாத்தியாருக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து, போனோம். சி.ரி. ஸ்கான் எடுக்கச் சொன்னார். சிறுநீரகத்தில் கல். பதினாலு மில்லிமீற்றர். "ஒப்பரேஷன் செய்து எடுக்கிறது நல்லது" என்றார்.

சரியென்று எடுத்திருக்கலாம். எடுத்தோமா? நாங்கள் யாழ்ப்பாணத்தார். ஒரு டொக்டர் சொன்னதை அப்படியே நம்பினால் பிறகு எங்களுக்கு என்ன மரியாதை?

இரண்டாவது டொக்டரிடம் புறப்பட்டோம். முதல் றிப்போர்ட்டை நான் பையில் வைத்தேன். சுகந்தி எடுத்து வெளியே வைத்தாள். தபாற்கந்தோரில் இருபது வருடச் சேவை. எந்தக் கடிதம் யாருக்குப் போகவேண்டும், யாருக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு நல்ல தெளிவு.

"இஞ்சேருங்கோ, முதல் றிப்போர்ட்டைக் காட்டாதேங்கோ. காட்டினா அவரும் அதையே பாத்துச் சொல்லிப்போடுவார். தானாப் பிடிக்கட்டும் பாப்பம்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சாதகம் பார்க்கப் போகிறோம். இரண்டாவது சாத்திரியாரிடம் முதல் சாத்திரியார் சொன்னதைச் சொல்வோமா? மூச்சு விடுவோமா? மாட்டோம். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு இருப்போம். அவர் தானாகச் சொன்னால்தான் அவர் சாத்திரியார். அந்த முகத்தோடுதான் இரண்டாவது டொக்டருக்கு முன்னால் இருவரும் இருந்தோம்.

அவர் வேறென்ன செய்வார், பாவம்? ஸ்கானுக்கு அனுப்பினார். அதே கல்லு. அதே ஒப்பரேஷன். ஆனால் பன்னிரண்டு மில்லிமீற்றர்.

இப்போது வீட்டில் வாக்குவாதம். நெருஞ்சில் அவித்துத் தந்த தண்ணியால்தான் கல்லு இரண்டு மில்லிமீற்றர் கரைந்தது என்று சுகந்தி. மெசினில் பிழை என்று நான். முடிவு காண ஒரே வழிதான் இருந்தது... மூன்றாவது டொக்டர்.

மூன்றாவது இடத்தில் ஸ்கான் அறைக்குள் போகுமுன் ஒரு இளம்பெண், மெசினில் படம் பிடிப்பவர், மிகவும் பணிவாகக் கேட்டார். "ஐயா, இதுக்கு முதல் ஸ்கான் எடுத்தனீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி" என்றேன். வெளியே வாங்கில் சுகந்தி முதல் இரண்டு ஸ்கான் படங்களுக்கும் மேலே உட்கார்ந்திருந்தாள்.

பதின்மூன்று மில்லிமீற்றர் வந்தது. பதினாலுக்கும் பன்னிரண்டுக்கும் சரியாக நடுவில் நின்றபடியால் மூன்றாமவரையே நம்புவதென்று தீர்மானித்தோம். காதுகுத்து முடிந்த கையோடு வருகிற செவ்வாய்க்கிழமைக்கு ஒப்பரேஷன் நாள் குறித்தார். அன்று காலை ஒரு எக்ஸ்றேயும் எடுக்க வேண்டும் என்றார்.

இதெல்லாம் வதனிக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வருத்தத்தைச் சொல்லும் முறை உங்களுக்குத் தெரியும்தானே? எல்லாம் முடிந்து, தையல் காய்ந்து, ஆள் எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகு, "அது சும்மா ஒரு சின்னக் கல்லு" என்று சொல்ல வேண்டும்.

நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் பிரச்சினை ஃபோனில் வந்தது. ஒரு வீடியோ. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், ஒரு ஸ்கான் எடுப்பது இத்தனை எக்ஸ்றே எடுப்பதற்குச் சமம் என்று பயங்கரமான மியூசிக்கோடு சொன்னார். எத்தனை என்பது எனக்கு நினைவில்லை. மியூசிக் நினைவிருக்கிறது.

அந்தத் தொகையை மூன்றால் பெருக்கினேன்.

அன்றைக்கே தலைமயிர் கொட்டத் தொடங்கியது. அது பத்து வருடமாகக் கொட்டுகிறது. ஆனால் அன்றைக்குக் கொட்டிய விதம் வேறு. சோறு ருசிக்கவில்லை. உள்ளங்கை சூடாக இருந்தது. பட்டப்பகல் இரண்டு மணிக்கு யன்னலைச் சாத்தி, போர்வைக்குள் தலையை விட்டு, கையை விரித்துப் பார்த்தேன்.

சுகந்தி வந்தாள். "என்ன செய்யிறியள்?"

"மினுங்குதோ எண்டு பாக்கிறன். நீரும் ஒருக்கால் பாரும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை. அவளும் போர்வைக்குள் தலையை விட்டாள். இருவரும் மூச்சடக்கிப் பார்த்தோம். "கொஞ்சம் மினுங்கிற மாதிரித்தான் கிடக்கு" என்றாள் மெதுவாக. பிறகு பார்த்தால் அது அவளுடைய கைமணிக்கூட்டு முள்ளு.

போர்வைக்குள் இருந்தபடியே அவள்தான் கேட்டாள். "அப்ப... பிள்ளை வந்தா நீங்கள் தூக்கலாமோ?"

அதுவரை என்னைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். என் உடம்புக்குள் போன கதிர் எங்கே போனது? உள்ளுக்குள்தானே நிற்கும்? பச்சைப் பிள்ளையை மடியில் வைத்தால் அதற்குப் பாயாதா?

டொக்டரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? "ஒரு ஸ்கான்தானே எடுத்தனீங்கள், பயப்படாதேங்கோ" என்பார். ஒன்றில்லை, மூன்று என்று சொல்ல வேண்டி வரும். ஏன் மூன்று என்று கேட்பார். உங்களைச் சோதித்துப் பார்த்தோம் என்று கத்தி பிடிக்கப் போகிற மனிதரிடம் சொல்ல முடியுமா?

ஆகவே எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம்.

"எத்தினை நாளைக்கு இருக்கும்?" என்றாள்.

"எதுக்கும் ஒரு முப்பத்தொண்டு வைப்பம்" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த எண்? படித்த எண் இல்லை. எதையாவது தொடாமல், சேராமல் இருக்க வேண்டுமென்றால் எங்கள் வாயில் தானாக வருகிற எண் அதுதான். சொன்னவுடன் ஒரு நிம்மதி வந்தது. காலங்காலமாக எங்கள் ஆட்கள் பார்த்து வந்த கணக்கு, பிழைக்குமா?

"எந்த ஸ்கானிலை இருந்து எண்ணுறது?" என்றாள் சுகந்தி. "துடக்குக்குள்ளை துடக்கு வந்தா முதல் துடக்கோடை ரெண்டும் முடியும் எண்டெல்லே சொல்லுவினம்?"

"அது செத்தவீட்டுக்குச் சரி. கதிருக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. கடைசி ஸ்கானிலை இருந்துதான் எண்ணோணும்."

எண்ணினோம். வதனி வருவது பத்தாம் நாள். காதுகுத்து பதினெட்டாம் நாள். அவள் திரும்பிப் போவது இருபத்தெட்டாம் நாள். விரல்விட்டு எண்ணினாலும் கலண்டரில் எண்ணினாலும் மூன்று நாள் குறைகிறது. என் தங்கையின் பிள்ளையைத் தொடாமலே வழியனுப்பப் போகிறேன்.

இப்போது விளங்குகிறதா நான் ஏன் ஓடினேன் என்று?

எனக்குத் தடிமன் என்று வதனிக்குச் சொன்னோம். தும்மாத தடிமன். ஆகையால் அவள் வரும்போதெல்லாம் தும்ம வேண்டியிருந்தது. விறாந்தையில் தனியாகச் சாப்பிட்டேன். பத்தடி தள்ளி நின்றே பிள்ளையோடு கதைத்தேன். ஆனால் பிள்ளைக்கு இது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. என்னைக் கண்டவுடன் கெக்கட்டம் விட்டுச் சிரித்துக்கொண்டு தவண்டு வரும். நான் ஓடினால் இன்னும் வேகமாக வரும். ஒருமுறை மூலையில் மாட்டிக் கதிரைக்கு மேலே ஏறி நின்றேன். கீழே அது கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று, "மா... மா..." என்றது. அம்மாவைத்தான் கூப்பிட்டதாக இருக்கலாம். நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். கதிரையில் நின்றபடி எனக்குக் கண் கலங்கியது.

இதற்கிடையில் அரியாலையில் இருந்து சிவநேசன் வந்து சேர்ந்தான். என் சித்தப்பாவின் மகன், எனக்கு ஒன்றுவிட்ட தம்பி. நல்லவன்தான். ஆனால் எந்தச் சபையிலும் முன்னுக்கு இருக்க வேண்டும் அவனுக்கு. வந்தவுடன் பிள்ளையை அள்ளித் தூக்கினான், மேலே எறிந்து பிடித்தான், மடியில் இருத்திக் கைதட்டினான். அவனுடைய மடி என்னுடையதைப் போல் இரண்டு மடங்கு.

"அண்ணைக்குத் தடிமன் எண்டா என்ன? நான் இருக்கிறன்தானே. நானும் மாமன்தான்" என்றான். பட்டு வேட்டியும் எடுத்து வைத்துவிட்டானாம்.

விலாவில் சுரீரென்றது. அது கல்லா, பொறாமையா என்று எனக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம். பிள்ளை தூக்கம். வதனி குசினி வாசற்படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல பத்தடி தள்ளி.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ."

தும்மப் பார்த்தேன். வரவில்லை.

"நான் பெத்த பிள்ளை இல்லையெண்டோ உங்களுக்குத் தொட மனமில்லை?"

தும்மத் தூக்கிய கையை இறக்கினேன்.

"பின்வீட்டு அக்கா சொல்லித் திரியிறா. தமையனுக்கே பிடிக்கேல்லையாம். கண்டவுடனை ஓடினவராம். நான் ஊருக்காகக் காது குத்த வரேல்லை அண்ணை. ஊர் என்னவும் கதைக்கட்டும். நீங்கள் மடி தருவியள் எண்டுதான் வந்தனான். தர விருப்பமில்லாட்டி சொல்லுங்கோ. சிவநேசனைக் கேக்கிறன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு நாளாக என் தங்கை இதைத்தான் நினைத்துக்கொண்டு என் வீட்டில் படுத்து எழும்பியிருக்கிறாள். அந்த நேரம் எனக்கு வந்த வெட்கம்... இந்த உலகத்தில் எந்த மெசினும் என்னை அப்படித் துளைத்ததில்லை. அழுதது நான்தான்.

அலுமாரிக்கு மேலிருந்த பையை எடுத்து வந்து, மூன்று பெரிய கவர்களையும் அவளுக்கு முன்னால் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கல்லு, ஒப்பரேஷன், மூன்று டொக்டர்மார், வீடியோ, முப்பத்தொரு நாள்.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. "ஒப்பரேஷனோ? எனக்குச் சொல்லாமலோ?" பிறகு, "மூண்டு ஸ்கானோ? ஏன் மூண்டு?" நான் சுகந்தியைப் பார்த்தேன். சுகந்தி கறிக்கு உப்புப் பார்க்கப் போனாள். அடுப்பில் கறி இல்லை.

"முப்பத்தொரு நாள் எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான்."

வதனி சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேத்தண்ணி சிந்திச் சட்டையெல்லாம் நனைந்தது. சிரிப்புக்குள் அழுகையும் வந்தது.

"அண்ணை... பதினொரு வருசமா என்னை எத்தினை மெசினுக்குக் கீழை கிடத்தினவங்கள் தெரியுமே? உங்கடை கணக்குப்படி பாத்தா எனக்குத் துடக்குக் கழியிற நேரம் நான் கிழவி. நான் தூக்கிறன்தானே? பிள்ளைக்கு என்ன நடந்தது?"

இருந்தாலும், "டொக்டரிட்டை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு..." என்று இழுத்தேன்.

"கேப்பம். நாளைக்கே கேப்பம். பையை நான் கொண்டுவாறன்."

அடுத்தநாள் நாலு பேருமாகப் போனோம், ஆதிரையும் சேர்த்து. வதனி மூன்று கவர்களையும் ஒப்பரேஷன் செய்யப்போகிற டொக்டரின் மேசையில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திகதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் திகதியைப் பார்த்தார்.

"இதை அண்டைக்கே காட்டியிருந்தா நான் உங்களை ஸ்கானுக்கு அனுப்பியிருக்கவே மாட்டனே. ஏன் காட்டேல்லை?"

நான் கூரையைப் பார்த்தேன். சுகந்திதான் வாய் திறந்தாள். "இல்லை டொக்டர்... நீங்கள் தானாப் பிடிக்கட்டும் எண்டு..."

பேனையைக் கீழே வைத்தார். "நான் என்ன சாத்திரியாரோ அம்மா?"

ஆதிரை மட்டும் சிரித்தது.

கல்லின் அளவு எப்படி மாறியது என்றும் கேட்டோம். அளக்கும் இடத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடிக் குறையுமாம், அவ்வளவுதான். நெருஞ்சில் தண்ணியின் கீர்த்தி அந்த இடத்தில் முடிந்தது. பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன். முப்பத்தொரு நாள் கதையைச் சொல்லவில்லை. பொதுவாக, வேறு யாருக்கோ கேட்பதுபோல: "ஸ்கான் எடுத்த ஆக்கள் பச்சைப் பிள்ளையளைத் தூக்கலாமோ?"

வதனி சும்மா இருப்பாளா? "முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கிறார் டொக்டர்" என்று போட்டு உடைத்தாள்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரிடம் என் வயிற்றைக் கொடுக்கலாம்.

"லைற்றை நூத்தாப்பிறகு அறைக்குள்ளை வெளிச்சம் மிச்சம் இருக்குமே ஐயா? மெசின் நிண்டவுடனை எல்லாம் முடிஞ்சுது. உங்கடை உடம்பிலை இருந்து பிள்ளைக்கு ஒண்டும் போகாது. கதிர் உள்ள மருந்தையே ஊசியாலை ஏத்தி எடுக்கிற ஸ்கான் வேறை இருக்கு. அதுக்கெண்டா நாங்களே சொல்லித்தான் விடுவம். உங்களுக்கு எடுத்தது அது இல்லை."

"அப்ப ஒரு பயமும் இல்லையோ?"

"பிள்ளைக்கு இல்லை. உங்களுக்கும் பயப்படுற அளவுக்கு ஒண்டுமில்லை. ஆனா தேவையில்லாமல் எடுத்தது தேவையில்லாமல் எடுத்ததுதான். தேவைக்கு எடுக்கப் பயப்படக் கூடாது, தேவையில்லாமல் ஒண்டுகூட எடுக்கக் கூடாது. இனி எங்கை போனாலும் உந்தப் பையோடை போங்கோ."

"செவ்வாய் காலமை எடுக்கவேணும் எண்ட எக்ஸ்றே?"

"அது வேணும். கல்லு எங்கை நிக்குதெண்டு பாக்காமல் நான் எங்கை போய்த் தேடுறது?"

வெளியே வந்தோம். வாசலில் வைத்து வதனி பிள்ளையை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். இத்தனை மாதமாக ஃபோனில் மட்டும் பார்த்த உடம்பு. என்ன சூடு, என்ன பாரம்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. வீரிட்டு அழத் தொடங்கியது.

ஆம் ஐயா. நாலு நாளாகத் துரத்தித் துரத்தி வந்த பிள்ளை, அகப்பட்டவுடன் என்னை வேண்டாம் என்றது. ஓடுகிற மாமாவைத்தான் அதற்குப் பிடிக்கும். நிற்கிற மாமாவை அது முன்பின் கண்டதில்லை. பின்னேரம் இதைக் கேள்விப்பட்ட சிவநேசன், "பிள்ளைக்கு அண்ணையைப் பிடிக்கேல்லைப் போலை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ரை வேட்டியை அயன் பண்ணவோ?" என்று ஃபோனில் கேட்டான். எவ்வளவு அக்கறை.

எனக்கு மூன்று நாள்தான் இருந்தது. மறுபடி ஓடினேன். இந்தமுறை கொஞ்சம் மெதுவாக. வெள்ளிக்கிழமை இரண்டடி முன்னால் போய்ப் பிடிபட்டேன். சனிக்கிழமை படுத்துக்கொண்டே பிடிபட்டேன். சனி மத்தியானம் ஆதிரை என் வயிற்றின் மேல் ஏறி இருந்து, என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாயில் வைத்தது. கல்லுக்கு நேர் மேலே. நான் அசையவே இல்லை.

நேற்று ஞாயிறு. வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து, நிறைகுடம் வைத்து, சனம் நிறைந்துவிட்டது. இராசம்மா அக்காவும் வந்து முன்வரிசையில் இருந்தார். "தாய்மாமன் ஆர்? வந்து இருங்கோ" என்றார் காது குத்த வந்த பத்தர். சிவநேசன் அரைவாசி எழும்பினான். நான் விடிந்ததில் இருந்து அந்த இடத்தை விட்டு எழும்பவே இல்லை.

வதனி பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் இருத்தினாள். அழவில்லை. என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தது. பத்தர் தங்க ஊசியை எடுத்தார். சனம் மூச்சடக்கியது. முதல் காதில் ஊசி தொட்ட அதே கணம்...

என் கல்லு அசைந்தது.

சம்மணம் போட்டு இரண்டு மணித்தியாலம் இருந்த கோபமோ என்னவோ, விலாவுக்குள் யாரோ அலவாங்கால் நிலம் தோண்டியது போல ஒரு குத்து. கண் இருண்டது. "ஐயோ அம்மா" என்று நான் போட்ட சத்தம் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்டிருக்கும். ஆனால் கையை விடவில்லை. பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் மாலை மாலையாக ஓடியது.

ஆதிரை அழத்தான் வாயைத் திறந்தது. என்னைக் கண்டது. திறந்த வாயை மூடிக்கொண்டு, இப்படி ஒரு மனிதனா என்பதுபோல் பார்த்தது. பிறகு தன் கையை எடுத்து என் வாய்க்குள் வைத்தது. அந்த இடைவெளியில் பத்தர் மற்றக் காதையும் முடித்துவிட்டார்.

மண்டபம் உருகிவிட்டது. பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். சிவநேசன்கூட மூக்கை உறிஞ்சினான். அப்போது முன்வரிசையில் இருந்து இராசம்மா அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பின்னை? சொந்த இரத்தமெல்லே. துடிக்காதே?"

வதனி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். சுகந்திக்கும் தெரியும். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வலியோடு வலியாகத் தலையை ஆட்டி, ஓம் என்றேன்.

நாளைக் காலை எக்ஸ்றே, பிறகு ஒப்பரேஷன். பை கட்டிலுக்குப் பக்கத்தில் ரெடி. ஒரு சின்ன வேண்டுகோள்: எங்கள் ஒழுங்கையில் இந்தக் கதை வருகிற பேப்பர் எடுப்பவர்கள், இந்தக் கிழமை மட்டும் தயவுசெய்து இராசம்மா அக்காவுக்கு இரவல் கொடுக்காதீர்கள்.